மாந்துவாக் கவியும் நம் தேம்பாவணியும்

பங்குத்தந்தை, நாச்சியாபுரம்



ஜூபிலி மலர் என்றால் அதில் கோயில் எழுந்த வரலாறு இருக்கும். பணிபுரிந்த குருக்களின் பெயர்கள் இருக்கும். மணி வந்தது, கொடிமரம் நட்டது எல்லாம் இருக்கும். அவற்றை நம் பெரியவர்கள் இம்மலரின் பிற பக்கங்களில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். மலர்க் குழுவினர் நம்மிடமும் ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்படாத ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. அக்கட்டடம், நம் சூசையப்பருக்கு வீரமாமுனிவர் எழுப்பிய தேம்பாவணி என்னும் காப்பியம்.

இதை எழுதத் தூண்டிய காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். தேம்பாவணியைப் பற்றி இருவகைப் பேச்சு நம் காதில் விழுவதுண்டு. "இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் இவ்வளவு செந்தமிழ் எழுதியிருக்க முடியுமா? கூட இருந்த தமிழ்ப் புலவர் யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்" என்பது ஒன்று. "அது மேனாட்டுச் சரக்கு, தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது" என்பது மற்றொன்று. முதற் பேச்சு ஆசிரியரை மறுக்கிறது. இரண்டாவது நூலையே மறுக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் மெய்யாக இருக்க முடியாது என்பது ஒருபுறமிருக்க, தமிழ்க் கத்தோலிக்கனுக்கு இலக்கியத்தில் சொந்த வீடு உண்டா, அல்லது அவன் வாடகைக்குக் குடியிருப்பவனா என்ற கேள்வி இவற்றுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. 1939 முதல் கம்பன் விழா கொண்டாடும் காரைக்குடிக்கு அருகில், கம்பர் அடங்கிய இடம் என்று மக்கள் போற்றும் நாட்டரசன்கோட்டை இருக்கும் இதே மாவட்டத்தில் வாழும் நாம் இக்கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டாமா?

விடையைத் தேடிச் சற்றுத் தூரம் போக வேண்டியிருக்கிறது. வட இத்தாலியில் மாந்துவா என்றொரு நகரம். ஆறும் ஏரிகளும் சூழ்ந்தது. அதனருகே ஆந்தெஸ் என்னும் சிற்றூரில் கி.மு. 70-ஆம் ஆண்டு ஒரு குழந்தை பிறந்தது. அவர்தாம் இலத்தீன் மொழியின் தலையாய கவிஞர் வர்ஜில். அதே மாந்துவாவிலிருந்து காரைக்குடிக்கும் சிவகங்கைக்கும் உள்ள தூரத்துக்கும் குறைவான தொலைவில் காஸ்திலியோனே என்ற ஊர் உள்ளது. அவ்வூரில் 1568-இல் பிறந்தவர், வாலிபரின் பாதுகாவலராக நாம் வணங்கும் புனித ஞானப்பிரகாசியார். அதே ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் கான்ஸ்தாந்தின் ஜோசப் பெஸ்கி, நம் வீரமாமுனிவர். அவர் சிறு வயதில் படித்த சேசு சபைப் பள்ளியும் மாந்துவா நகரிலேயே இருந்தது. நம் பக்கத்துப் பையன் ஒருவன் நாட்டரசன்கோட்டைப் பள்ளியில் படித்துக் கம்பராமாயணத்தை மனப்பாடம் செய்வது போலத்தான் அது. ஊர்ப்பற்றும் கவிப்பற்றும் சேர்ந்தே வளரும்.

வர்ஜில் யார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மேய்ப்பர் பாடல்கள், உழவரைப் பற்றிய நான்கு பாகப் பாடல், ஈனியாஸ் என்னும் வீரனைப் பற்றிய பெருங்காப்பியம் ஆகிய மூன்றும் அவர் நூல்கள். உழவுப் பாடலின் நான்காம் பாகம் தேனீ வளர்ப்பைப் பற்றியது. 'தேன் போன்ற பாக்களால் ஆன அணி' என்றும், 'வாடாத மாலை' என்றும் இருவகையாகப் பிரித்துப் பொருள் சொல்லும்படி தம் நூலுக்குப் பெயரிட்டவருக்கு இது நினைவில் இருந்திருக்குமோ என்னவோ! இது நம் கற்பனை, வற்புறுத்தவில்லை.

ஈனியாஸ் காப்பியம் 12 பாகங்கள் கொண்டது. ஏறக்குறைய 10,000 அடிகள். திராய் நகரம் எரிந்து அழிகிறது. ஈனியாஸ் முதிய தந்தையைத் தோளில் சுமந்து, சிறு மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறான். தேவர் கட்டளைப்படி கடல் பல கடந்து இத்தாலி சேர்கிறான். உரோமை இனத்துக்கு வித்திடுகிறான். இக்காப்பியத்தை முற்றும் திருத்தி முடிக்குமுன் கி.மு. 19-இல் வர்ஜில் இறந்தார். குறையுள்ள நூல், எரித்துவிடுங்கள் என்று அவர் வேண்டிக்கொண்டதாகவும், அகுஸ்து இராயன் அதைத் தடுத்து நூலைக் காப்பாற்றியதாகவும் வரலாறு கூறும். இயேசு பிறந்த காலத்தில் குடிக்கணக்கு எடுக்கக் கட்டளையிட்டவன் என்று லூக்கா நற்செய்தியில் நாம் வாசிக்கும் அதே அகுஸ்து இராயன்தான்.

இப்பிற மதத்துக் கவிஞரைத் திருச்சபை ஒதுக்கவில்லை. மேய்ப்பர் பாடல்களில் நான்காவது, ஒரு குழந்தை பிறக்கப் பொற்காலம் வரப்போவதைப் பாடுகிறது. கிறிஸ்து பிறப்புக்கு நாற்பது ஆண்டுகளுக்குமுன் எழுதப்பட்டதாகையால் பழங்காலக் கிறிஸ்தவர் பலர் அதை ஒரு தீர்க்கதரிசனமாகவே கொண்டனர். அது உரோமை அரசியலைச் சார்ந்து எழுந்த பாடல் என்று இன்றைய அறிஞர் கூறுவர். அதுவே சரி எனலாம். புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கை நூலில், தாம் சிறுவனாயிருந்தபோது காப்பியத் தலைவி தீதோவின் சாவுக்காக அழுததையும், தம் ஆன்மாவின் சாவுக்காக அழாததையும் எண்ணி நொந்துகொள்கிறார். நொந்துகொண்டாலும் அவர் வர்ஜிலை மறக்கவில்லை என்பதற்கு அவர் நூல்களே சான்று.

பின்னர் வந்தவர் தாந்தே. நரகத்தையும் உத்தரிக்கிற ஸ்தலத்தையும் சுற்றிக் காட்டும் வழிகாட்டியாக அவர் தேர்ந்துகொண்டது ஒரு புனிதரை அன்று, வர்ஜிலையே. ஆனால் தாந்தே தம் காப்பியத்தை இலத்தீனில் எழுதவில்லை. தம் தாயின் மொழியாகிய இத்தாலிய மொழியில் எழுதினார். இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாம் சொல்ல வந்ததெல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

பெத்ரார்க்கா என்பவர் 1341-ஆம் ஆண்டு உரோமையில் கவியரசராக முடிசூட்டப்பட்டார். வர்ஜிலைப் போலவே தாமும் இலத்தீனில் ஒரு பெருங்காப்பியம் செய்யவேண்டும் என்று 'ஆப்பிரிக்கா' என்ற நூலைத் தொடங்கினார். அது முடியவே இல்லை. இன்று அதைத் தேடிப் படிப்பவர் சிலரே. அவர் அதிகம் பெரிதாக எண்ணாமல் இத்தாலிய மொழியில் எழுதிவைத்த 366 சிறு பாடல்களே ஐரோப்பா முழுவதும் பரவின. மறுமலர்ச்சிக் காலத்தில் நம் திருச்சபைக் கவிஞர்களும் இதே வழியில் சென்றனர். நேப்பிள்ஸ் நகரத்துச் சன்னசாரோ, தேவமாதா இயேசுவைப் பெற்றெடுத்ததை வர்ஜிலின் யாப்பில் மூன்று பாகமாகப் பாடி 1526-இல் வெளியிட்டார். ஆல்பா மறைமாவட்ட ஆயர் வீதா, இயேசுவின் வாழ்வை ஆறு பாகமாக இலத்தீனில் பாடினார், 1535-இல் வெளிவந்தது. இருவரும் பெரும் புலமையாளர். ஆனால் அவர்கள் நூல்கள் நூலகத்து அலமாரியில் தங்கிவிட்டன. வர்ஜிலின் சொல்லையே எடுத்துக் கோத்தால் வர்ஜிலாகிவிட முடியுமா?

வர்ஜிலின் உயிரை எடுத்துத் தம் தாய்மொழிக்கு ஊட்டியவர்களோ வாழ்ந்தார்கள். போர்த்துக்கல் நாட்டுக் கமோயிஸ், ஈனியாஸின் கடற்பயணத்தை மாதிரியாகக் கொண்டு வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பயணத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் பாடினார், 1572-இல் அச்சாயிற்று. கமோயிஸ் கோவாவில் வாழ்ந்தவர். அவர் காப்பியத்தின் பத்தாம் பாகத்தில் மயிலாப்பூரும் புனித தோமையாரின் வேதசாட்சி மரணமும் வருகின்றன. இப்படி இலத்தீன் கவிதையின் வாரிசு ஒன்று, தேம்பாவணிக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே நம் கடற்கரையைத் தொட்டுவிட்டது. இத்தாலியில் தாஸோ, சிலுவைப் போரைப் பற்றி 20 பாகமாகப் பாடிய காப்பியம் 1581-இல் வந்தது. இவர் துன்பக் காலத்துக்குப்பின் 1586-இல் மாந்துவா அரண்மனையில்தான் புகலிடம் பெற்றார். ஆங்கிலத்தில் மில்ட்டன் தம் காப்பியத்தை 1667-இல் பத்துப் பாகமாக வெளியிட்டு, 1674-இல் வர்ஜிலைப் போலவே பன்னிரண்டாகப் பிரித்தமைத்தார். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஒவித் என்ற மற்றோர் இலத்தீன் கவிஞரின் கதைகள் எங்கும் கிடக்கின்றன. அது தனிக் கட்டுரைக்குரியது.

நம் பங்கில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பெரியவர்களுக்கு இலத்தீன் அந்நியமன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) முன்பு பூசைக்கு உதவிசெய்த சிறுவர்கள் அனைவரும் பொருள் புரிந்தும் புரியாமலும் இலத்தீனில் மறுமொழி சொன்னவர்களே. நற்கருணை ஆசீரின்போது பாடிய 'தாந்தும் எர்கோ' புனித தோமாஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றியது. அதில் அடிகளின் இறுதி ஒத்து ஒலிக்கும். நம் யாப்பில் இயைபு என்போமே, அது. வர்ஜிலின் பாட்டில் இயைபும் கிடையாது, எதுகையும் கிடையாது. குறில், நெடில் என்ற ஓசை அளவை வைத்து ஆறு சீர் கொண்ட அடியாக அது நடக்கும். நாம் குருமடம் சேர்ந்த காலத்தில் இலத்தீன் வகுப்பு மிகவும் சுருங்கிவிட்டது. ஆயினும் வர்ஜிலின் சில அடிகளை அளந்து பார்க்கக் கற்றுத்தந்தார்கள். அப்போது, நேரசையும் நிரையசையும் கற்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது கடினமாய் இருக்கவில்லை. பெஸ்கிக்கு இதே பாதை எதிர்த்திசையில் இருந்திருக்க வேண்டும்.

அவர் பெற்ற பயிற்சி எத்தகையது? சேசு சபையின் கல்வித் திட்டம் 1599-இல் வரையறுக்கப்பட்டது. அதன்படி மாணவன் இலத்தீன் கவிதையைப் படிப்பதோடு நிற்கக் கூடாது. மனப்பாடம் செய்யவேண்டும், செய்யுளை உரைநடையாக்க வேண்டும், உரைநடையைச் செய்யுளாக்க வேண்டும், பெருங்கவிஞன் ஒருவனின் பகுதியை மாதிரியாகக் கொண்டு வேறொரு பொருளைப் பாடவேண்டும். 1698-இல் சபையில் சேர்ந்த பெஸ்கி இராவென்னாவிலும் பொலோஞ்ஞாவிலும் பயின்று 1709-இல் குருப்பட்டம் பெற்றார். 1710-இல் கோவா வந்திறங்கி, அடுத்த ஆண்டு மதுரை மிஷனைச் சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது. மதுரை மிஷனில் தத்துவபோதகர் போன்றோர் நூறாண்டுக்கு முன்பே தமிழ் உரைநடையில் அரும்பணி ஆற்றியிருந்தனர். மறவ நாட்டில் நம் புனித அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்தியிருந்தார். பெஸ்கி கையில் எடுத்ததோ கவிதை.

எடுத்த முறையைக் கவனிக்க வேண்டும். இலத்தீனைக் கற்ற அதே முறையில் அவர் தமிழைக் கற்றார். முன்னோர் நூலை உண்டு, செரித்து, பின் பாடினார். திருக்குறள், சீவக சிந்தாமணி, கம்பராமாயணம் மூன்றும் அவருடைய செய்யுளில் ஊடும் பாவுமாக ஓடுவதைத் தமிழறிந்தோர் அனைவரும் காண்பர். பதினைந்தே ஆண்டில், 1726-இல், தேம்பாவணி முடிந்தது. மூன்று காண்டம், 36 படலம், 3,615 விருத்தங்கள். சிந்தாமணி 3,145 பாடல் என்பதோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம். நான்கடி வீதம் கணக்கிட்டால் 14,000 அடிகளுக்கு மேல். வர்ஜிலின் காப்பியத்தைவிடப் பெரிது.

இனி இந்தக் கட்டடத்தில் எது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் இத்தாலிச் சலவைக்கல். தூண் பர்மாத் தேக்கு. சுவரில் பதித்த ஓடு ஜப்பானிலிருந்து. ஆளுயரக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. ஆனால் முகப்பும் பட்டாலையும் வளவும் இரண்டாங்கட்டும் நம்முடையவை. முற்றத்தில் விழும் மழை நம் மழை. சுவரின் மினுமினுப்பு நம் கொத்தனார் முட்டைக் கருவும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியது. அவ்வீட்டை இத்தாலி வீடு என்று சொன்னால் ஆச்சி சிரிக்கமாட்டார்களா?

தேம்பாவணியின் வாசலில் நுழைந்தால் நாட்டுப் படலம், அடுத்து நகரப் படலம். யூதேயா நாட்டில் மேகம் கடல்நீரை உண்டு மலைமேல் பொழிய, வெள்ளம் பெருகி, நெல் விளையும். வயலில் தாமரை பூக்கும். பலஸ்தீனத்தின் கல்லும் முள்ளும் அறிந்தவர்கள் புன்னகைக்கலாம். ஆனால் தமிழ்க் காப்பியத்தின் முகப்பு அப்படித்தான் இருக்கவேண்டும். கம்பனின் கோசலமும் காவிரி நாடுதானே. பெயர்களைப் பாருங்கள். ஜோசப் என்ற எபிரேயச் சொல்லுக்குப் பெருகச் செய்தல் என்பது கருத்து. அதனால் சூசையப்பர் 'வளன்' ஆனார். யோவான் என்றால் ஆண்டவரின் இரக்கம். ஸ்நாபக அருளப்பர் 'கருணையன்' ஆனார். கிதியோன் என்பதற்கு வெட்டுபவன் என்று பொருள்; அவர் 'சேதையோன்'. ஒலியைக் கொண்டுவராமல் பொருளைக் கொண்டுவந்த இந்தத் துணிவு, எழுத்தெண்ணி மொழிபெயர்ப்பவருக்கு வராது.

கதைக்குக் கரு சுவிசேஷம். சுவிசேஷத்தில் சூசையப்பரைப் பற்றிச் சில வரிகளே உள்ளன. அவர் பேசிய ஒரு சொல்கூட இல்லை. ஆகவே ஸ்பெயின் நாட்டு ஆகிரெதா மரியம்மாள் என்னும் கன்னியர் தம் தியானக் காட்சிகளாக எழுதி 1670-இல் வெளிவந்த நூலைத் துணையாகக் கொண்டார். இனி, பேசாத ஒருவரைக் காப்பியத் தலைவராக்குவது எப்படி? அவர் தச்சர், போர்க்களம் காணாதவர், வில்லை முறிக்காதவர். தமிழ்க் காப்பிய மரபில் இதற்கு எளிய வழி இல்லை. இந்த இடத்தில்தான் மாந்துவாப் பள்ளியில் படித்தது அவருக்குக் கைகொடுத்தது என்று நமக்குத் தோன்றுகிறது. ஈனியாஸின் தலையாய குணம் வீரமன்று, கடமைப் பற்று. வர்ஜில் அவனுக்குத் திரும்பத் திரும்பத் தரும் அடைமொழி, தெய்வத்துக்கும் தந்தைக்கும் குடிக்கும் பணிந்தவன் என்ற கருத்துடையது. இரவில் கட்டளை வருகிறது, எழுகிறான், குடும்பத்தைக் காத்துக்கொண்டு அந்நிய நாட்டுக்கு நடக்கிறான். வானதூதர் சொன்ன இரவிலேயே எழுந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு நடந்த சூசையப்பர் வேறென்ன செய்தார்? பணிதலே பெருமையாகும் தலைவன் ஒருவனை இலத்தீன் கவிதை முன்பே காட்டியிருந்தது.

எகிப்துப் பயணத்தை நீட்டி, வழியெங்கும் பழைய ஏற்பாட்டு வரலாறுகளைச் சொல்லவைத்ததும் இலத்தீன் காப்பியம் கற்பித்த உத்தியே. ஈனியாஸும் விருந்தில் அமர்ந்து இரண்டு பாகம் முழுவதும் தன் பழங்கதையைச் சொல்கிறான். இதனால் முனிவருக்கு இன்னொரு நன்மை. தமிழ்க் காப்பியத்தில் போர் வேண்டும். சூசையப்பர் கதையில் போர் இல்லை. சேதையோன் முதலியோரின் போர்கள் கிளைக்கதைகளில் வந்து அக்குறையைத் தீர்க்கின்றன. நரகத்தில் பேய்கள் கூடி மந்திராலோசனை செய்யும் பகுதியில் தாஸோவின் நான்காம் பாகத்தினுடைய சாயலை அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். தாஸோவுக்கு முன் வீதா ஆயரும் தம் இலத்தீன் காப்பியத்தில் அப்படியொரு நரகச் சபையைக் கூட்டியவர். மில்ட்டனும் பின்னர் கூட்டினார். ஒரே விளக்கிலிருந்து ஏற்றிய திரிகள் இவை.

நமக்கு மிகவும் பிடித்த இடம் கருணையன் தன் தாய் எலிசபெத்தம்மாளை இழந்து அழும் இடம். காட்டில் தனியே தாயும் மகனும் வாழ்கிறார்கள். தாய் மரிக்கிறாள். மகன் தானே குழி அமைத்து, இலைகளைப் பரப்பி அடக்கம் செய்து, பூவிட்டு அழுகிறான். அவன் அழுகையைக் கேட்டு மலரும் பறவையும் வண்டும் சேர்ந்து அழுவதுபோல் காடு ஒலிக்கிறது. 2019-இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் இப்பகுதி இடம்பெற்றது. நம் பிள்ளைகள் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இங்கே காடு அழுவது யாருடைய மரபு? வர்ஜிலின் ஐந்தாம் மேய்ப்பர் பாடலில் தாஃப்னிஸ் என்னும் ஆயன் இறந்ததற்கு மலையும் காடும் புலம்புகின்றன. மறுமலர்ச்சிக் காலத்து இரங்கற்பாக்கள் பல இதைப் பின்பற்றியவை. மில்ட்டன் 1637-இல் கடலில் இறந்த நண்பனுக்குப் பாடியதும் அவ்வகையே. ஆனால் நம் கம்பன் மட்டும் குறைந்தவனா? இராமன் நகர் நீங்கும்போது பசுவும் கன்றும் யானையும் அன்று பூத்த பூவும் அழுதன என்கிறான். புறநானூற்றில் குடவாயிற் கீரத்தனார், சாத்தன் இறந்தபின்னும் மலர்ந்த முல்லைக்கொடியைக் கடிந்துகொள்கிறார். இலத்தீனில் பூ அழுகிறது; புறநானூற்றில் பூ அழாமல் பூத்துவிட்டதே என்று புலவர் நோகிறார். இரண்டில் பின்னதே நம் நெஞ்சை அதிகம் தைக்கிறது என்பதை மறைக்கவேண்டியதில்லை. வீரமாமுனிவரின் கருணையன் நிற்கும் காட்டில் மாந்துவாக் காற்றும் காவிரிக் காற்றும் சேர்ந்து வீசுகின்றன. இது இலத்தீன், இது தமிழ் என்று அந்த இடத்தில் கோடு கிழிக்க முயன்று நாம் தோற்றோம், தோற்றதில் மகிழ்ச்சியே.

ஆசிரியர் யார் என்ற ஐயத்துக்கு இங்கேயே விடை இருக்கிறது. அவருக்குத் தமிழ் கற்பித்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது மரபு. அவரே தேம்பாவணியைப் பாடிக் கொடுத்தார் என்று சிலர் எழுதினர். விருத்தத்தின் ஓட்டத்தைக் கவிராயர் செப்பனிட்டிருக்கலாம். ஆசிரியர் மாணவனுக்கு அவ்வளவு செய்யமாட்டாரா? ஆனால் வர்ஜிலையும் தாஸோவையும் கவிராயர் எங்கே படித்தார்? எபிரேயப் பெயர்களின் வேர்ப்பொருளை அவருக்கு யார் சொன்னார்கள்? ஒரு வீட்டில் இத்தாலிச் சலவைக்கல் இருந்தால், அதை வரவழைத்த உரிமையாளர் கப்பல் போக்குவரத்து அறிந்தவர் என்றுதானே பொருள். எந்த இலத்தீன் சாயலைக் காட்டி நூலை அந்நியம் என்கிறார்களோ, அந்தச் சாயலே ஆசிரியரின் கையொப்பம். 1729-இல் நூலுக்கு அவரே உரையும் எழுதினார்.

குறையே இல்லையா எனில், உண்டு. வருணனைகள் சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கும். சிலேடையும் மடக்கும் பக்தியை மூடிவிடும் இடங்கள் உண்டு. பிற சமயங்களோடு வாதிடும் பகுதிகள் அக்காலத்தவை. அண்டை வீட்டாரோடு திருவிழாவைப் பகிர்ந்துகொள்ளும் நமக்கு இன்று அவற்றில் சுவை இல்லை. மேலும் அருஞ்சொற்கள் மிகுதி. உரை இல்லாமல் படிக்கத் தொடங்கினால் பத்தாம் பாட்டில் நின்றுவிடுவோம். 1851 முதல் 1853 வரை புதுவை மிஷன் அச்சகத்தில் மூன்று பகுதியாக வந்த பிறகு பல பதிப்புகள் வெளிவந்துள்ளன. உரையுள்ள பதிப்பையே நாடுங்கள். காப்பியம் முழுதும் வேண்டாம் என்போர் கருணையன் புலம்பலை மட்டும் கல்லறைத் திருநாளன்று வீட்டில் உரக்கப் படித்துப் பாருங்கள்.

அவர் தமிழுக்குச் செய்த பிற தொண்டுகள் பலரும் அறிந்தவை: 1730-இல் தொன்னூல் விளக்கம், 1732-இல் சதுரகராதி, எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாட்டுக்கான எழுத்துச் சீர்திருத்தம், பரமார்த்த குருவின் கதை. 1968-இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பலர் அறியாதது, அவர் இலத்தீனில் எழுதியவை. பேச்சுத் தமிழுக்கு 1728-இல் இலத்தீனில் ஓர் இலக்கணம் செய்தார். அதை 1738-இல் அச்சிட்டது தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் சபையார் அச்சகம். இரு சபையாருக்கும் அன்று ஆகாது என்பதை எண்ணினால் இது வியப்புத்தான். 1730-இல் செந்தமிழுக்கும் ஓர் இலத்தீன் இலக்கணம் செய்து, அதில் நம் செய்யுளின் அசை, சீர், தளை, தொடை ஆகியவற்றை மேனாட்டுக் குருக்களுக்கு விளக்கினார். வர்ஜிலை அளந்த கோலை வைத்தே தமிழை அளக்காமல், தமிழுக்குத் தமிழின் கோலையே காட்டினார்.

அதே 1730-ஆம் ஆண்டை ஒட்டி அவர் செய்த மற்றொரு வேலையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் மொழிபெயர்த்து விளக்கமும் எழுதினார். காமத்துப்பாலைத் தொடவில்லை; துறவியாகையால் விட்டார் என்பர். நமக்கென்னவோ அதையும் செய்திருக்கலாமே என்று தோன்றுகிறது; விவிலியத்தில் உன்னத சங்கீதம் இல்லையா? மாந்துவாவிலிருந்து இங்கே வந்த கவிதை, இப்படி வள்ளுவர் வடிவில் அங்கே திரும்பிப் புறப்பட்டது. அக்கையெழுத்துப் பிரதி நெடுங்காலம் அச்சேறவில்லை. 1886-இல் ஜி. யு. போப் ஐயர் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலச் செய்யுளாக்கி லண்டனில் வெளியிட்டபோது, குறிப்புரைகளோடு வீரமாமுனிவரின் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் சேர்த்து அச்சிட்டார். ஆங்கிலிக்கன் சபைப் போதகர் ஒருவரின் நூலில், தமிழ்க் குறளுக்குத் துணையாக, ஒரு சேசு சபைக் குருவின் இலத்தீன் வரிகள், எழுதப்பட்டு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்.